பாட்டி பென்ஷனும் பிளேன் டிக்கெட்டும்: வாசகர் கேள்வி பதில்

2025 பிப்ரவரி ஜெர்மனி தேர்தல்ல ஏஎஃப்டிங்கிற தீவிர தேசியவாத கட்சி 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவது இடத்துக்கு வந்தத பத்தி இந்த பக்கத்துல நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்வியே ஒரு கட்டு சேந்துட்டு. ரோடு, குடிதண்ணி, பஸ் ஸ்டாண்டு கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சாச்சு, இந்த தடவ ஐரோப்பா மட்டும். பேரு போடாண்டாம்னு சில பேரு கேட்டதால எல்லாருக்குமே ஊரு பேரு மட்டும்தான்.

தக்கலை: காலேஜ்ல பொலிட்டிக்கல் சயின்ஸ் படிக்கிறேன் சார். இந்த தீவிர தேசியவாத கட்சிங்க ஐரோப்பால எப்டி திடீர்னு இவ்வளவு பெருசாச்சு?

திடீர்னு ஒண்ணும் இல்ல மக்ளே, நாப்பது வருசத்து வேல அது. பிரான்ஸையே எடுத்துக்கோ. அங்கத்த தீவிர தேசியவாத கட்சி தலைவரு ழான் மரி லெ பென் 1974 ஜனாதிபதி தேர்தல்ல வாங்கினது 0.75 சதவீதம், 1981ல போட்டி போடுததுக்கு வேண்டிய 500 மக்கள் பிரதிநிதிங்க கையெழுத்தே அவருக்கு கிட்டல. அப்டி கிடந்த ஆளு 1984ல ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல்ல நின்னாரு, கிட்டத்தட்ட 11 சதவீதம், 10 சீட்டு. எப்டின்னா, நம்மூருல மாதிரி ஒரு ஓட்டு கூட வாங்கினவன் ஜெயிச்சான், மத்தவன் வீட்டுக்கு போனான்ங்கிற கதை அங்க கிடையாது, வாங்கின சதவீதத்துக்கு ஏத்த சீட்டு. அதோட அந்த தேர்தல்ல யாரு ஜெயிச்சாலும் உள்நாட்டு ஆட்சி மாறாதுன்னு சனங்களுக்கு தெரியும், அதனால ஆளுற கட்சி மேல உள்ள கடுப்ப தாராளமா அங்க போயி காட்டிட்டு வருவாங்க. இங்கிலாந்துல ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறணும்னு சொன்ன யுகிப் கட்சி 2014ல இதே ஐரோப்பிய தேர்தல்ல முதலிடம் வந்துச்சு, அதுவரைக்கும் உள்நாட்டு பார்லிமென்டுக்கு ஒரு ஆளக்கூட ஜெயிச்சு அனுப்பினது கிடையாது!

வேடிக்கை என்னன்னா ஐரோப்பிய யூனியன கலைக்கணும், வெளியேறணும்னு சொல்லி ஓட்டு கேட்டவங்களுக்கு மேடை, சம்பளம், ஆபீஸ், உதவியாளருக்கு பைசா எல்லாம் கொடுத்தது அந்த யூனியனோட பார்லிமென்டு தான். அந்த உதவியாளர் பைசாவ கட்சி வேலைக்கு திருப்பி விட்டாங்கன்னு தான் லெ பென் மக மரீன் லெ பென்ன பாரிஸ் கோர்ட் 2025 மார்ச் 31ல குற்றவாளின்னு சொல்லி, அஞ்சு வருசம் தேர்தல்ல நிக்கக்கூடாதுன்னும் போட்டுச்சு, அவங்க அப்பீல் போனாங்க.

மார்த்தாண்டம்: பிரச்சாரத்துல வெளிநாட்டுக்காரன அடிச்சு விரட்டுங்கிறத தவிர வேற ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? வெறும் வெறுப்புக்கா இத்தன கோடி பேரு ஓட்டு போடுதான்?

நல்ல கேள்வி அண்ணாச்சி, வெறுப்பு மட்டும்னு நெனச்சா நமக்கு ஒண்ணும் வெளங்காது. அவங்க பேசுறது பெரும்பாலும் நம்ம வீட்டு சங்கதி தான். பென்ஷன், பெட்ரோல், வாடக, ஆஸ்பத்திரி. ஆனா எந்த பில்ல எடுத்தாலும் கடைசில அத ஒரே அட்ரஸுக்கு அனுப்பிருவாங்க, அது தான் சூட்சுமம்.

சுவீடன்ல 2010ல சுவீடன் டெமாக்ரட்ஸ் கட்சி ஒரு டிவி விளம்பரம் எடுத்துச்சு. இருட்டு ஹாலு, அரசாங்க பைசா எண்ணிட்டு இருக்காங்க, ஒரு வயசான பாட்டி நடக்கிறதுக்கு வச்சிருக்க தள்ளுவண்டிய பிடிச்சிட்டு மெள்ள மெள்ள அந்த பைசாவ பாத்து போறா, பின்னால இருந்து புர்கா போட்ட பொம்பளைங்க கூட்டமா குழந்த வண்டிய தள்ளிட்டு பாட்டிய முந்திட்டு ஓடி வராங்க. மேல ரெண்டு பிரேக் கைப்பிடி தொங்குது, ஒண்ணுல பென்ஷன், இன்னொண்ணுல குடியேற்றம், எத இழுக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு முடிச்சிட்டாங்க. டிவி4 சேனல் போட மாட்டேன்னு சொல்லிட்டு, உடனே அது யூடியூப்ல பறந்துச்சு, அந்த தேர்தல்ல தான் மொத மொதல்ல 5.7 சதவீதம் வாங்கி 20 சீட்டோட பார்லிமென்டுக்குள்ள போனாங்க.

பதினொரு வருசம் கழிச்சு அதே பாட்டி ஸ்பெயின்ல வந்து நிக்கா. 2021 மாட்ரிட் மாகாண தேர்தலுக்கு வாக்ஸ் கட்சி சோல் ரயில் ஸ்டேஷன்ல வச்ச போஸ்டர். ஒரு பக்கம் முகத்த மூடின கறுப்பு பையன், பெத்தவங்க துணை இல்லாம வந்த அகதி சிறுவன், மாசம் 4,700 யூரோ. இன்னொரு பக்கம் "உன் பாட்டி", பென்ஷன் மாசம் 426 யூரோ. அந்த பையன் கையில யாரும் 4,700 கொடுக்கல, அது காப்பகத்துக்கு ஆகுற செலவுன்னு இவங்க காட்டின கணக்கு. ஆனா ரயிலுக்கு ஓடுறவன் நின்னு கணக்கா பாப்பான்? பாட்டி மூஞ்சிய பாப்பான், போயிருவான். கோர்ட்டும் போஸ்டர எடுக்க வேண்டாம்னு சொல்லிட்டு. இவ்வளவு பெகளம் பண்ணியும் வாக்ஸுக்கு 12 சீட்டு 13 ஆச்சு, அவ்வளவு தான், அதையும் சொல்லணும்லா.

இந்த வித்தைய சுத்தமா செஞ்சது மரீன் லெ பென் தான்னு நான் சொல்லுவேன். 2022 ஜனாதிபதி தேர்தல் நேரம், உக்ரைன் சண்ட தொடங்கி பெட்ரோல் டீசல் ஏறி கிடக்கு, இந்தம்மா சின்ன சின்ன ஊரு சந்தையா போயி எரிபொருள் வரிய 20லேர்ந்து 5.5 சதவீதமா குறைப்பேன்னு மட்டும் பேசிட்டு இருந்தாங்க. குடியேற்றத்த பத்தி கத்துற வேலைய எரிக் செமூர்னு இன்னொரு வேட்பாளரு பக்கத்துல நின்னு செஞ்சாரு, அவரு 7 சதவீதத்தோட ஒதுங்கினாரு, அவரு போட்ட சத்தத்துல இந்தம்மா சாந்தமா தெரிஞ்சாங்க. ரெண்டாவது சுற்றுல 41 சதவீதம். அப்பா 2002ல வாங்கினது 18 கூட இல்ல.

வடசேரி: நான் பிளக்ஸ் டிசைன் பண்ணுற ஆளு. நம்மூருல தலைவர் தல பெருசா இருக்கணும், அடுத்து மாவட்டம், ஒன்றியம், கீழ கிளை வரைக்கும் போட்டோ வைக்கணும். அவங்க போஸ்டரு எப்டி இருக்கும்?

உங்க கஷ்டம் எனக்கு தெரியும் அண்ணாச்சி, ஒரு போட்டோ விட்டா உங்கள கிழிச்சிருவாங்க. அங்க நேர் எதிரு, தலையே இருக்காது பாதி நேரம். படம் ஒண்ணு, எழுத்து ரெண்டு மூணு, அவ்வளவு தான், கார்ல போறவன் திரும்பி பாக்கதுக்குள்ள மண்டையில ஏறணும்.

சுவிட்சர்லாந்துல எஸ்விபி கட்சி 2007ல போட்டது உலகமே பாத்த போஸ்டர். சுவிஸ் கொடி மேல மூணு வெள்ள ஆடு நிக்குது, அதுல ஒண்ணு பின்னங்காலால ஒரு கறுப்பு ஆட்ட கொடிக்கு வெளிய உதைக்குது. குத்தம் செஞ்ச வெளிநாட்டுக்காரன நாடு கடத்தணும்ங்கிறதுக்கு ஆதரவு கேட்டு போட்டது. ஐநா ஆளுங்க வரைக்கும் கண்டிச்சாங்க, கட்சிக்காரங்களோ "கறுப்பு ஆடுன்னா குடும்பத்துல உருப்படாதவன்னு தானே அர்த்தம், நிறத்த நாங்க எங்க சொன்னோம்"னு கைய விரிச்சிட்டாங்க. பாத்தியளா, சொல்லவும் செய்யணும், சொல்லலன்னு சாதிக்கவும் செய்யணும். அந்த வருசம் 28.9 சதவீதத்தோட அவங்க தான் முதலிடம். ஜெர்மனில அப்பம் இருந்த என்பிடிங்கிற கட்சி அந்த ஆட்ட அப்டியே காப்பி அடிச்சுது.

அதே சுவிட்சர்லாந்துல 2009ல பள்ளிவாசல் மினார் கட்ட தடை போடணும்னு பொது வாக்கெடுப்பு. கொடி மேல மினாருங்க ஏவுகணை மாதிரி குத்திட்டு நிக்குது, முன்னால புர்கா போட்ட பொம்பள. பாசல், லோசான் நகரங்கள் போஸ்டர ஒட்டக்கூடாதுன்னு தடை போட்டாங்க, அப்பம் என்ன ஆச்சு, தடை போட்ட போஸ்டர் இது தான்னு எல்லா பேப்பரும் படத்த போட்டுச்சு, ஒட்டுற செலவு மிச்சம். 57.5 சதவீதம் ஓட்டோட தடை பாஸ் ஆச்சு. அந்த நாட்டுல அப்பம் மொத்தம் இருந்த மினாரு எத்தனைன்னு நெனைக்கீங்க? நாலு!

2019 ஐரோப்பிய தேர்தலுக்கு ஏஎஃப்டியோட பெர்லின் ஆளுங்க ஒரு பழைய பெயின்டிங்க எடுத்து போஸ்டர் போட்டாங்க. ழெரோம்ங்கிற பிரெஞ்சு ஓவியர் 1866ல வரைஞ்சது, அடிம சந்தை, தலப்பாக்காரங்க சுத்தி நிக்க நடுவுல துணி இல்லாத வெள்ள பொண்ணு, ஒருத்தன் அவ பல்ல பிடிச்சு பாக்கான். ஐரோப்பா அரபு நாடா மாறாம இருக்க எங்களுக்கு ஓட்டு போடுங்கன்னு வாசகம். அமெரிக்கால அந்த படம் இருக்க கிளார்க் மியூசியம் எங்க படத்த எடுங்கன்னு கடுதாசி போட்டுச்சு, காப்பிரைட் காலாவதி ஆன படம், கேஸ் போட வழியில்ல. உலக பேப்பர் பூரா சேதி. திட்டு வாங்குறதையும் பட்ஜெட்ல வரவா எழுதி வச்சிட்டு தான் இவங்க டிசைனருக்கே ஆர்டர் கொடுக்காங்க.

இன்னொண்ணு, 2015ல ஹங்கேரி அரசாங்கம் ரோடு பூரா வச்ச போர்டு. "ஹங்கேரிக்கு வந்தா, ஹங்கேரிக்காரன் வேலைய பறிக்கக்கூடாது." வாறவனுக்கு சொன்ன மாதிரி வாசகம், எழுதினது ஹங்கேரிய மொழியில. சிரியாலேர்ந்து நடந்து வாறவன் அத எங்க படிக்க? படிக்க வேண்டியவன் உள்ளூர் ஓட்டுக்காரன் தான். அங்க ரெட்டவால் நாய் கட்சின்னு ஒரு கிண்டல் கட்சி உண்டு, அவங்க சனங்க கிட்ட பைசா பிரிச்சு எதிர் போர்டு வச்சாங்க, இங்கிலீஷ்ல: "தாராளமா வாங்க, நாங்க ஏற்கனவே இங்கிலாந்துல தான் வேல பாக்கோம்." எனக்கு இந்த விஷயத்துலயே பிடிச்ச போஸ்டர் அது ஒண்ணு தான்.

குளச்சல்: இத்தாலில ஒரு தலைவரு ஜெபமாலைய முத்தி பண்ணி ஓட்டு கேட்டாருன்னு எங்க அன்பியத்துல பேச்சு வந்துச்சு, உண்மையா?

உண்மை தான். லேகா கட்சி மத்தேயோ சல்வீனி, 2019 மே மாசம் மிலான் பேராலயத்து முன்னால கூட்டம், மாதாவோட பேர சொல்லி ஜெபமாலைய தூக்கி காட்டினாரு. வாட்டிகன்ல போப்புக்கு அடுத்த இடத்துல உள்ள கர்தினால் பரோலினே இது ஆபத்துன்னு சொல்லிட்டாரு. அதே ஆளு கடல்ல தத்தளிச்ச அகதிங்க கப்பல துறைமுகத்துக்குள்ள விட மாட்டேன்னு நின்ன உள்துறை மந்திரி, போப் பிரான்சிஸ் அகதிங்கள ஏத்துக்கோங்கன்னு திரும்ப திரும்ப பேசிட்டு இருந்த காலம் அது. மேடையில மாதா, கடல்ல வேற கணக்கு.

இன்னொரு கதை கேளுங்க. லேகா கட்சி தொடங்கினது வட இத்தாலிக்கு தன்னாட்சி கேட்டு, பொறவு தனி நாடே கேட்டாங்க, தெக்க உள்ளவன் சோம்பேறி, நம்ம வரிப்பணத்த தின்னுதான்ங்கிறது தான் அவங்க பாட்டு. 2009ல கட்சி விழாவுல நேப்பிள்ஸ்காரன் நாறுதான்னு சல்வீனி கூட்டத்தோட பாட்டு பாடின வீடியோவே உண்டு. பொறவு நாடு பூரா ஓட்டு வேணும்னு ஆனதும் கட்சி சின்னத்துலேர்ந்து "வடக்கு"ங்கிற சொல்ல 2017ல அழிச்சாங்க, தெற்கத்திக்காரங்க கிட்ட மன்னிப்பு கேட்டாரு, 2018ல தெக்குக்கோடி கலாப்ரியாவுலேர்ந்தே செனட்டர் ஆயிட்டாரு. எதிரி யாருங்கிறது மட்டும் மாறிச்சு, வடக்கே இருந்து பாத்தா தெக்கத்திக்காரன், நாடு பூராவும்னா கடல் தாண்டி வாறவன். ஐரோப்பிய தேர்தல்ல 2019ல 34 சதவீதம், 2024ல 9. ஓட்டெல்லாம் எங்க போச்சு? இத்தாலில இன்னொரு தேசியவாத கட்சி தலைவி ஜோர்ஜா மெலோனி வீட்டுக்கு.

குலசேகரம்: இவங்க இப்பம் ரொம்ப மாறிட்டாங்க, மிதவாதி ஆயிட்டாங்கன்னு ஒரு சேனல்ல சொல்லுதான். நம்பலாமா?

பாணி மாறியிருக்கு, சரக்கு அதே தான்னு நான் நெனைக்கேன். சுவீடன் டெமாக்ரட்ஸ் 2006ல தீப்பந்த சின்னத்த தூக்கி போட்டுட்டு ஒரு நீல பூவ வச்சுக்கிட்டாங்க. மரீன் லெ பென் 2015ல பெத்த அப்பாவையே கட்சிய விட்டு நீக்கி, 2018ல கட்சி பேரையும் மாத்தினாங்க. மெலோனி 2022 தேர்தலுக்கு முன்ன இங்கிலீஷ், பிரெஞ்சு, ஸ்பானிஷ்னு மூணு மொழியில வீடியோ போட்டு பாசிசம் எல்லாம் பழைய கதைன்னாங்க, ஆனா 1946ல முசோலினி ஆளுங்க தொடங்கின கட்சியோட தீச்சுடர் சின்னம் இன்னும் அவங்க கொடியில எரியுது. அதாவது புதுசா வாறவனுக்கு ஒரு முகம், பழைய ஆளுக்கு ஒரு ஜாடை.

இதுல ஓப்பனா செஞ்சது நெதர்லாந்து கீர்ட் வில்டர்ஸ். 2023ல இஸ்லாம் எதிர்ப்ப இப்போதைக்கு பிரிட்ஜ்ல வச்சிருக்கேன்னாரு, ஆஸ்பத்திரிக்கு கையிலேர்ந்து கட்டுற 385 யூரோவ ரத்து பண்ணுவேன், வீடு கிட்டாத நம்ம பிள்ளைங்களுக்கு வீடுன்னாரு, வீடு ஏன் கிட்டலங்கிறதுக்கு பதில் மட்டும் அகதிங்க தான். தேர்தல் அறிக்கைய பிரிச்சா மசூதி கூடாது, குரான் கூடாதுன்னு அப்டியே இருக்கு. 150ல 37 சீட்டோட முதலிடம். இதுல இன்னொரு கூத்து, அந்த கட்சிக்கு உறுப்பினர் ஒரே ஒருத்தரு, வில்டர்ஸ் தான்! பொதுக்குழு பிரச்சனையே வராது. 2025 ஜூன்ல அவரே ஆட்சிய கவுத்தாரு, அக்டோபர் தேர்தல்ல 26 ஆச்சு.

கருங்கல்: என் மக ஜெர்மனில சாக்சனி பக்கம் நர்ஸா இருக்கா. அங்க இந்த கட்சிக்கு தான் ஓட்டு ஜாஸ்தின்னு சொல்லுதாங்க. பிளேன் டிக்கெட்டு மாதிரி நோட்டீஸ் போட்டாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்தது நெசமா? பயமா இருக்கு.

அக்கா, டிக்கெட்டு நெசம், ஆனா சாக்சனில இல்ல, தென்மேற்கு பக்கம் கார்ல்ஸ்ரூஹ ஊருல. 2025 ஜனவரி, ஏஎஃப்டியோட உள்ளூர் கிளை 30,000 நோட்டீஸ் அடிச்சுது, அச்சு அசல் விமான டிக்கெட். பயணி பேரு இருக்க இடத்துல "சட்டவிரோத குடியேறி", புறப்படுற இடம் ஜெர்மனி, போற இடம் பாதுகாப்பான சொந்த நாடு, கேட்ல கட்சி பேரு, தேதி பிப்ரவரி 23, அது தான் ஓட்டு போடுற நாளு. வெளிநாட்டு பேரு எழுதின லெட்டர் பாக்ஸா பாத்து போட்டாங்கன்னு புகாரு, எல்லா வீட்டுக்கும் தான் போட்டோம்னு கட்சி சொல்லிச்சு, போலீஸ் விசாரணை வந்துச்சு.

சட்டப்படி விசா எடுத்து, பாஷ படிச்சு, ஆஸ்பத்திரில வேல பாக்குற உங்க மகள அந்த டிக்கெட் அனுப்ப முடியாது, நீங்க அதுக்கு பயப்பட வேண்டாம். ஆட்சில இருக்கது சான்சலர் மெர்ஸோட கூட்டணி, மத்த பெரிய கட்சிங்க ஏஎஃப்டி கூட கூட்டணி கிடையாதுன்னு சொல்லிட்டு தான் இருக்காங்க. ஆனா கிழக்கு மாநிலங்கள்ல பலம்ங்கிறதும் உண்மை, 2024 செப்டம்பர்ல துரிங்கியால 32.8 சதவீதத்தோட முதலிடம், சாக்சனில 30.6. லெட்டர் பாக்ஸ திறக்கிற ஒரு நர்ஸு அத பாத்து என்ன நெனைப்பான்னு நீங்க கேட்டா, அதுக்காக தானே அத அப்டி டிசைன் பண்ணுனாங்க. மக கிட்ட பேசும்போது அங்க கூட வேல பாக்குறவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க எப்டின்னு கேளுங்க, நியூஸ விட அது தான் உங்களுக்கு நிம்மதி தரும்.

இரணியல்: டிக்டாக்ல தான் ஜெயிக்காங்கன்னு சொல்லுதானுங்க. நம்மூருல டிக்டாக்கே இல்லியே!

பாதி உண்மை. பிரான்ஸ்ல லெ பென் கட்சி தலைவரு ஜோர்தான் பர்தெல்லா, 2024ல வயசு 28, டிக்டாக்ல பத்து லட்சம் பேருக்கு மேல பின்னால, கூட்டம் முடிஞ்சா செல்ஃபி லைன் நீண்டுட்டே போவும், கொள்கை பேச்சு கம்மி. அந்த வருசம் ஐரோப்பிய தேர்தல்ல 31 சதவீதம் வாங்கினாரு, அன்னைக்கு ராத்திரியே ஜனாதிபதி மக்ரோன் சட்டசபைய கலைச்சாரு. அதே தேர்தல்ல ஜெர்மனி 16 வயசு பிள்ளைங்களுக்கும் ஓட்டு கொடுத்துச்சு, 24 வயசு வரைக்கும் உள்ளவங்கள்ல 16 சதவீதம் பேரு ஏஎஃப்டிக்கு. ருமேனியால யாருக்கும் சரியா தெரியாத தேசியவாத வேட்பாளரு ஜார்ஜெஸ்கு செலவே இல்லன்னு கணக்கு கொடுத்துட்டு டிக்டாக் புண்ணியத்துல 2024 நவம்பர் ஜனாதிபதி தேர்தல் முதல் சுற்றுல முதலிடம், டிசம்பர் 6ல கோர்ட் தேர்தலையே ரத்து பண்ணுச்சு. ஆனா டிக்டாக் யாரு வீட்டு சொத்தும் இல்ல, 2025ல ஜெர்மனி இளசுங்க கிட்ட முதலிடம் பிடிச்சது இடதுசாரி டி லிங்க கட்சி, அவங்களும் அதே போன்ல தான் பேசினாங்க.

திங்கள்சந்தை: இவங்க எல்லாரும் சேந்து ஒரே அணியா?

இல்ல. ஐரோப்பிய பார்லிமென்ட்ல மூணு அணி, 2024 ஜூலைல 84, 78, 25 பேருன்னு உக்காந்திருந்தாங்க. ரஷ்யா விஷயத்துல சண்ட, யாரு தலைவருங்கிறதுல சண்ட. தேசியவாதிங்க சர்வதேச கூட்டணி வைக்கது கொஞ்சம் சிரமம் தான்.

களியக்காவிளை: இவங்கள தோக்கடிக்க வழி கண்டுபிடிச்ச நாடு உண்டா? அப்டியே, நம்மூரு கட்சிய சொல்லாம சொல்லுதீங்களோ?

மொத கேள்விக்கு ரெண்டு விதமா பதில் உண்டு. டென்மார்க்ல சோஷியல் டெமாக்ரட்ஸ்ங்கிற இடதுசாரி பக்கத்து கட்சி இவங்க குடியேற்ற கொள்கைய தானே எடுத்து பேசினாங்க, தேசியவாத டேனிஷ் மக்கள் கட்சி 2015ல 21 சதவீதம், 2022ல 2.6. பெரிய வெற்றின்னு சொல்லுவாங்க, ஆனா கொள்கை ஆட்சிக்கு வந்துட்டுல்லா, போதாததுக்கு அந்த ஓட்டுல ஒரு பங்கு வேற புது வலதுசாரி கட்சிக்கு போச்சு. பிரான்ஸ் வழி வேற, 2024 ஜூலைல பார்லிமென்ட் தேர்தல் ரெண்டாவது சுற்றுல இடதும் நடுவும் ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டு கொடுத்து 200 பேருக்கு மேல வேட்பாளருங்க விலகினாங்க, முதலிடம்னு எல்லாரும் நெனச்ச லெ பென் அணி 577ல 143 சீட்டோட மூணாவது ஆச்சு. ஆனா ஓட்டு எண்ணிக்கைல அவங்க தான் ஜாஸ்தி, அது கொறையல. எனக்கு டென்மார்க்க விட பிரான்ஸ் பரவால்லன்னு தோணுது, ஆனா பென்ஷனுக்கும் வாடகைக்கும் வேற பதில் யாராவது சொல்லாத வரைக்கும் ரெண்டுமே தற்காலிகம்.

ரெண்டாவது கேள்விக்கு, நீங்க எல்லைல இருக்க ஆளு, 1956 நவம்பர் 1க்கு முன்ன நம்ம கன்னியாகுமரி மாவட்டம் எந்த பக்கம் இருந்துச்சு, யாரு யார வெளியாளுன்னு சொன்னாங்கன்னு உங்க வீட்டு பெரியவங்களுக்கு தெரியும். எந்த கட்சி போஸ்டர்ல பில்லு எந்த அட்ரஸுக்கு போகுதுன்னு பாத்து நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க, எல்லா கட்சி கொடியும் பறக்குற முக்கு உங்க ஊருல உண்டு.

அருமனை: அங்கயும் ஓட்டுக்கு பைசா கொடுப்பாங்களா?

கவர்ல வச்சு கொடுக்கிற பழக்கம் இந்த கட்சிங்க பாணி இல்ல. ஆனா கிரீஸ்ல கோல்டன் டான்னு ஒரு கூட்டம், கடன் நெருக்கடில நாடு பட்டினி கிடந்த 2012ல ஏதென்ஸ் சதுக்கத்துல உருளக்கிழங்கு, பாஸ்தா, எண்ணெய் எல்லாம் இலவசமா கொடுத்தாங்க. அடையாள அட்டைய காட்டி கிரேக்கன்னு நிரூபிச்சா தான் பை கிட்டும். அந்த வருசம் கிட்டத்தட்ட 7 சதவீதம் ஓட்டு. அகதிங்கள அடிச்சது, ஒரு பாடகர குத்தி கொன்னது எல்லாம் விசாரிச்சு 2020 அக்டோபர் 7ல ஏதென்ஸ் கோர்ட் அது கட்சியே இல்ல, குற்ற கும்பல்னு தீர்ப்பு சொல்லி தலைவருங்கள ஜெயிலுக்கு அனுப்புச்சு.